அறுபது கழித்தல் எழுபது

உச்சி வெயில். மாதா கோயிலை ஒட்டிய சின்ன அறையில் ஒலிபெருக்கிக் கருவி சூடேறி, தூசி கருகும் மணம் வந்துகொண்டிருந்தது. என் இடது காதில் இயர்போன், வலது கையில் மைக். காதுக்குள் மெஷின் சொல்வதைக் கேட்டு, அதை நான் ஊருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“பிற்பகலில் காற்றின் வேகம் மணிக்கு அறுபது முதல் எழுபது கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

சொல்லி முடித்து மைக்கை நிறுத்தினேன். கடற்கரைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு கூட்டமே சிரித்தது. எங்கள் ஊரான பேசாலையின் கரையில் ஆண்கள் சேர்ந்து சிரித்தால் அது கோயில் மதிலைத் தாண்டி உள்ளே வரும்.

ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியும். காலையிலிருந்து என் முகத்தில் ஒரு பொட்டுக் காற்றுப் படவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட நாளில் அறுபது எழுபது என்று சொல்கிறவள் யார்? போன கிழமைதான் இதே மைக்கில் ஊரையே சிரிக்க வைத்தவள்.

சிரித்தவர்களில் சூசை அண்ணையும் ஒருவர். அவர் சிரித்தபடியே படகைத் தண்ணீருக்குத் தள்ளத் தொடங்கியிருந்தார். அவரை நிறுத்தினேனா இல்லையா என்பதுதான் இந்த வாரக் கதை. ஆனால் ஊர் ஏன் சிரித்தது என்று சொல்லாமல் அங்கே போக முடியாது.

அம்மாவின் மருமகன்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்பதும், மீனவர் சங்கக் கந்தோரில் கம்பியூட்டரில் கடிதம் அடிக்கிற வேலை பார்க்கிறேன் என்பதும் என் இந்த வாராந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். போன வாரம் படித்த வாசகி ஒருவர், “கண் தெரியாமல் எப்படி அக்கா அடிக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அடிப்பது சுலபம், தங்கச்சி. விரலுக்கு எழுத்து இருக்கும் இடம் தெரியும். அடித்ததை வாசிப்பதற்குத்தான் திரைவாசிப்பான் வேண்டும். திரையில் என்ன இருக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்கிற மென்பொருள் அது. கம்பியூட்டரிலும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது.

என்னுடையது ஆண் குரல். நாள் முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருப்பதால் அம்மா அதற்கு வைத்த பெயர் மருமகன். “உன்ர ஆள் இண்டைக்கு விடியவே தொடங்கிட்டார்” என்பார். “எனக்கு வாய்ச்ச மருமகன், சாப்பாடும் கேளான், கள்ளும் கேளான்.”

எனக்கு அவரை வேகமாகப் பேசவிட்டுத்தான் பழக்கம். மெதுவாகப் பேசினால் கொட்டாவி வரும். வெளியாட்களுக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடாது. தாழ்வுபாட்டிலிருந்து வந்த என் மாமி ஒருமுறை காதைப் பொத்திக்கொண்டு, “என்னடி இது, சட்டிக்குள்ள நண்டு ஓடின மாதிரி” என்றார்.

ஆள் கெட்டிக்காரர். ஆனால் ஒரு குறை. எழுத்தென்றால் பண்டிதர், இலக்கமென்றால் பைத்தியம்.

எழுபத்தேழு கோடிக்குச் சொந்தக்காரி

யாராவது தங்கள் போன் இலக்கத்தை எழுதி அனுப்பினால் மருமகன் அதை ஒரே தொகையாக்கி விடுவார். முன்னால் நிற்கும் பூச்சியத்தை விழுங்கிவிட்டு, “எழுபத்தேழு கோடியே” என்று கம்பீரமாகத் தொடங்கி, இலட்சம், ஆயிரம், நூறு என்று இறங்குவார். முதல்முறை அதைக் கேட்ட அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

“ஆருக்கடி இவ்வளவு கோடி?”

“மச்சாளின்ர போன் நம்பர் அம்மா.”

“சீ, போ” என்று திரும்பிப் போனார். அவருடைய ஏமாற்றம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

திகதியைச் சரிவாகக் கோடு போட்டு எழுதினால் அதை வகுத்தல் கணக்காக்குவார். ஒரு கலியாணத்துக்கு, “மூன்று வகுத்தல் நான்கு அன்று அனைவரும் வருக” என்று அழைப்பு வாசித்தார். மாலைப் பூசை ஐந்தரைக்கு என்பதை நம்மவர்கள் நடுவில் புள்ளி வைத்து எழுதுவார்கள் அல்லவா? அவருக்கு அது ஐந்து புள்ளி முப்பது. நான் அதை மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வேன். எத்தனையோ வருடமாக ஒரு மனிதரோடு வாழ்ந்தால் அவர் உளறுவதும் விளங்கத்தானே செய்யும்.

பள்ளிக்கூடத்தில் பிரெயில் படித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பிரெயிலில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால் ஒரு குறி வரும். விரல் அதைத் தொட்டவுடனே, பொறு, இனி வருவது எழுத்தல்ல, இலக்கம் என்று தெரிந்துவிடும். எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர், “இலக்கம் வந்தா நிண்டு தொடுங்கோ பிள்ளையள், ஓடாதேங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மெஷினுக்கு நிற்கவும் தெரியாது, தொடவும் தெரியாது.

வீட்டுக்குள் இருக்கும்வரை இதெல்லாம் சிரிப்புத்தான். அது மைக்குக்கு வந்தபோதுதான் வினை பிடித்தது.

கண் மங்கியவர் தேடி வந்தார்

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானக் கோயில் மணி அடித்து முடிந்ததும் ஒலிபெருக்கியில் அன்றைய காற்று, கடல் நிலவரம் வாசிக்கப்படும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பின்னேரம் படகுகள் வெளிக்கிடும். நிலவரம் சங்கத்துப் போனுக்குச் செய்தியாக வரும். சங்கத் தலைவர் அருளப்பு ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார்.

அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. சத்திர சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரை எழுத்து ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் கொடுப்பது என்று யோசித்த மனிதர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“றெஜினா, நீ வாசி பிள்ளை.”

“ஐயா, கண் மங்கினதுக்கு மாற்று கண் இல்லாதவளோ?” என்று கேட்டேன்.

“உனக்குக் குரல் இருக்கு. நேரத்துக்கு வருவாய். பொடியளை நம்பேலாது, மைக்கைக் குடுத்தாப் பாட்டுப் படிப்பாங்கள்.”

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? ஊரில் எல்லாரும் எனக்கு எதையாவது வாசித்துக் காட்டியவர்கள்தான். நான் ஊருக்கு வாசிப்பேன் என்று நினைத்ததே இல்லை. அன்றிரவு அம்மா நல்ல சீலை ஒன்றை எடுத்து வைத்தார். ஒலிபெருக்கியில் சீலை தெரியாது என்று சொன்னேன். “உனக்குத் தெரியும்தானே” என்றார்.

முதல் நாள் நடுக்கத்தில் காதில் விழுந்ததை அப்படியே வாய் ஒப்பித்துவிட்டது. செய்தியில் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். மருமகன் அந்தக் கோட்டைக் கணக்கென்று நினைத்தார். பேசாலை முழுவதும் கேட்கும்படி நான் அறிவித்தேன்:

“காற்று மணிக்கு இருபது கழித்தல் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வீசும்.”

பிறகு கேட்கவா வேண்டும்? வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்களாம். காற்றுப் பின்பக்கமாக வீசும் என்று ஒருவர் விளக்கம் சொன்னாராம். சூசை அண்ணை அன்று பின்னேரமே எங்கள் வேலிக்கு வந்தார். “றெஜினா, கழிச்சுப் பாத்தன், பத்துக் கிலோமீற்றர் கடன் வருது. ஆரிட்ட வாங்கிறது?” என்று கேட்டார்.

நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து வழியைத் தேடினேன். திரைவாசிப்பானுக்குள் ஒரு அகராதி உண்டு. இந்தக் குறியை இப்படிச் சொல்லு என்று நாமே அதில் எழுதி வைக்கலாம். இரண்டு இலக்கத்துக்கு நடுவில் கோடு வந்தால் ‘முதல்’ என்று சொல்லும்படி எழுதினேன். இலக்கங்களை முழுத் தொகையாகச் சொல்வதா, ஒவ்வொன்றாகச் சொல்வதா என்று மாற்றவும் ஒரு இடம் இருந்தது. நிலவரம் வந்தால் முதலில் முழுதாகக் கேட்பேன், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பேன், இரண்டும் ஒத்துப்போனால்தான் மைக்கைத் தொடுவேன் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு பிழையும் வரவில்லை.

ஆனால் ஒருமுறை சிரித்த ஊர் லேசில் மறக்குமா?

கரையில்

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

சிரிப்புச் சத்தம் அடங்குமுன் அருளப்பு ஐயா மூச்சு வாங்க அறைக்குள் வந்தார்.

“பிள்ளை, சூசை படகு தள்ளுறான். உன்ர மெஷின் பழையபடி விளையாடுது, ஆறு ஏழைத்தான் அறுபது எழுபது எண்டு சொல்லுது எண்டுறான். வடிவாக் கேட்டனியோ?”

“ரெண்டு விதமாவும் கேட்டனான் ஐயா.”

“அவன்ர புது வலை முழுக்க நேற்றுக் கடலில விரிச்சது. வெளியில கிடக்கு. எடுக்காட்டிப் போயிடும் எண்டு நிக்கிறான். அவன் போனா மற்றவங்களும் போவாங்கள்.”

நான் மைக்கை வைத்துவிட்டு, அறை வாசலில் காத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. சங்கத்துப் போன் கந்தோரில் பூட்டிக் கிடந்தது. அதிலிருந்து என் போனுக்கு அனுப்பிய பிரதி மட்டும்தான் கையில் இருந்தது.

“சூசை அண்ணை, நில்லுங்கோ!”

“வா தங்கச்சி, வா. காத்து வந்திட்டுதோ பாக்க வந்தனியோ?” சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். “நான் பிறந்ததில இருந்து இந்தக் கடலைக் கண்ணால பாக்கிறன். இண்டைக்கு இது குழந்தைப் பிள்ளை மாதிரிக் கிடக்கு.”

“கடலை நீங்கள் பாருங்கோ. செய்தியை இதில பாருங்கோ” என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இதில ஒண்டும் இல்லையே. கறுப்பாக் கிடக்கு.”

எனக்கு மறந்தே போயிருந்தது. பற்றரி மிச்சம் பிடிப்பதற்காக நான் திரையை அணைத்தே வைத்திருப்பேன். எனக்கு எதற்கு வெளிச்சம்? வாங்கித் திரையை எழுப்பிக் கொடுத்தேன். அதுவும் அடிமட்ட வெளிச்சத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த வெயிலில் ஆளாளுக்குக் கையால் மறைத்துப் பார்த்தும் ஒருவருக்கும் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணுள்ள இத்தனை பேர் ஒரு திரையைச் சுற்றி நின்று தடவுவதைக் கேட்டபோது, அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“தாங்கோ இங்க” என்று பறித்தேன். இயர்போனைக் கழற்றினேன். சத்தத்தை முழுதாக ஏற்றினேன். வேகத்தை இறக்கினேன், இன்னும் இறக்கினேன், இனி இறக்க இடமில்லை என்கிற மட்டும் இறக்கினேன். இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி மாற்றினேன். கோட்டுக்கு நான் வைத்த ‘முதல்’ என்ற சொல்லையும் எடுத்து, ‘கோடு’ என்றே வைத்தேன். உள்ளது உள்ளபடி கேட்கட்டும்.

மருமகன் தூங்கி எழுந்தவர்போல் தொடங்கினார். “காற்றின்… வேகம்… மணிக்கு… ஆறு. சுழியம். கோடு. ஏழு. சுழியம்.”

“சுழியம் எண்டா? கடல் சுழியோ?” என்றார் ஒருவர்.

“பூச்சியம் அண்ணை. எங்கட பூச்சியத்தை இவர் அப்பிடித்தான் சொல்லுவார்.”

“இன்னொருக்காப் போடு” என்றார் சூசை அண்ணை.

போட்டேன். ஆறு, சுழியம். ஏழு, சுழியம். யாரும் சிரிக்கவில்லை. அலைச் சத்தம்கூட இல்லாத கரையில் அந்தக் குரல் மட்டும் கேட்டது.

“அண்டைக்கு ஒரு கணக்கு, இண்டைக்கு ஒரு கணக்கோ உன்ர மெஷினுக்கு?” அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை, கோபம் இருந்தது. “என்ர வலை வெளியில கிடக்கு, றெஜினா. உனக்கு விளங்குதோ? கடன் பட்டு வாங்கின வலை.”

“அது எழுதியிருக்கிறதை மாத்தாது அண்ணை. சொல்லுற விதந்தான் மாறும். அண்டைக்கு நான் பிழையாச் சொன்னது பகிடியாப் போச்சு. இண்டைக்குச் சரியாச் சொல்லுறன், அதையும் பகிடியா எடுத்தா நான் என்ன செய்ய?” என் குரல் உடைந்துவிட்டது. “உங்கட வலைக்கு நான் அழமாட்டன். உங்களுக்கு அழுவன்.”

பிறகு படகின் அடி மணலில் உராய்கிற சத்தம் கேட்டது. தண்ணீருக்குப் போகிறதா கரைக்கு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். “மேல இழுக்கிறாங்கள்” என்றார் அம்மா.

“வலை கிழிஞ்சு போச்சுதெண்டா உன்னை வைச்சுத்தான் தைப்பிப்பன்!” என்று சூசை அண்ணை கத்திவிட்டுப் போனார்.

காற்றுக்குக் காத்திருந்தது

அதற்குப் பிறகு வந்த பொழுதுபோல் ஒரு பொழுதை நான் வாழ்ந்ததில்லை. காற்று வரவில்லை. முற்றத்துப் பனையில் ஒரு ஓலை அசையவில்லை. சூசை அண்ணை வேலியோரம் நடந்து போகும்போதெல்லாம் குரல் கொடுத்தார்.

“றெஜினா, எங்க உன்ர காத்து? வாற வழியில கீரிக் கரையில இறங்கித் தேத்தண்ணி குடிக்குதோ?”

உண்மையைச் சொல்கிறேன். காற்று வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வராவிட்டால் இனி என் வாயிலிருந்து வரும் ஒரு இலக்கத்தையும் இந்த ஊர் நம்பாது, மைக்கும் போய்விடும். ஆனால் வந்தால்? வேறு கரைகளிலிருந்து போனவர்கள் கடலில் இருப்பார்களே? காற்றே வா என்று செபிப்பதா, வராதே என்று செபிப்பதா? மாதாவே, உமக்குத் தெரியும், நீரே பார்த்துக்கொள்ளும் என்று பொறுப்பை அங்கே தள்ளிவிட்டேன்.

தேத்தண்ணி நேரம் தாண்டியிருக்கும். முதலில் எனக்குத்தான் கேட்டது. வடக்கே தூரத்தில் யாரோ நீளமான பாயை உதறுவதுபோல் ஒரு சத்தம். பிறகு பனைகள். பிறகு பக்கத்து வீட்டுத் தகரம். அம்மா கொடியில் கிடந்த உடுப்பை அள்ள ஓடினார், பாதி உடுப்பு அவருக்கு முன்னால் ஓடிவிட்டது. கரண்ட் நின்றது. கரையில் ஆண்கள் படகுகளை இன்னும் மேலே இழுக்க ஒருவரையொருவர் கூப்பிடுவது காற்றுக்குள் துண்டு துண்டாகக் கேட்டது.

கூப்பிடுகிறவர்களில் சூசை அண்ணையின் குரலும் இருந்தது. தரையில் இருந்து கேட்டது. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் கரையிலிருந்து அன்று ஒருவரும் கடலில் இல்லை. அக்கம்பக்கக் கரைகளிலும் எல்லாரும் வீடு வந்துவிட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

முற்றத்தில்

மறுநாள் மத்தியானம் காற்று ஓய்ந்துவிட்டது. கரண்ட் இன்னும் வரவில்லை. ஒலிபெருக்கி ஊமையாகக் கிடந்தது. கோயில் மணி அடித்து முடிந்ததும் எங்கள் வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி, மறுபடி. அம்மா உள்ளே ஓடிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். கதிரை கிடைக்காதவர்கள் மணலில் குந்தினார்கள். கடைசியாக வந்தவர் இருமியபடி, எனக்கு எதிரே காலியாக விட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தார். இருமலைக் கேட்டுச் சூசை அண்ணை என்று அறிந்தேன்.

“வலை அண்ணை?” என்று கேட்டேன்.

“பாதி போயிருக்கும். போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். “போடு, கேப்பம்.”

வேகத்தை இறக்கி, சத்தத்தை ஏற்றிப் போனை நடுவில் பிடித்தேன். “காற்றின்… வேகம்… மணிக்கு… இரண்டு. சுழியம். கோடு. மூன்று. சுழியம்.” முற்றத்தில் ஒரு பெருமூச்சுக் கிளம்பியது. ஒவ்வொருவராக எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு படலைப் பக்கம் நடந்தார்கள்.

எதிரே இருந்த கதிரை மட்டும் அசையவில்லை.

“அண்ணை, கேக்கேல்லையோ? திருப்பிப் போடட்டோ?”

“கேட்டது. அது சொல்லிப்போட்டுது” என்றார் சூசை அண்ணை. “நீ சொல்லு.”

செருமிக்கொண்டு, மைக்குக்குச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னேன்.

“இருபது முதல் முப்பது வரை. போகலாம் அண்ணை.”

“ஓம்” என்றார். கதிரை கிறீச்சிட்டது. அவர் எழும்பிக் கரைக்குப் போனார்.